விளக்கேத்தும் நேரம் 4:41

டிஸ்கி: கொஞ்சம் நீளமான சொந்தக்கதை. சூடா ஒரு காப்பியோட உக்காருங்க.

குளிர்காலத்துல சந்தோஷமா இருக்கிறது எப்படின்னு யாராவது ஆரம்பிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும். மெழுகுவத்தி ஏத்துங்க, சாக்லேட் பால் குடிங்க, கம்பளிக்குள்ள சுருண்டு புத்தகம் படிங்க என்பார்கள். அதுக்கப்புறம் வண்டியை மூடியிருக்கிற பனியை யார் சொரண்டுறது? டொராண்டோவில் பதினாலு குளிர்காலம் பார்த்தாச்சு. பதினாலும் புலம்பியே ஓட்டியாச்சு. பதினஞ்சாவதுதான் வேற மாதிரி போனது. அதுக்குக் காரணம் நான் இல்லை, அம்மா.

2022 ஜூலையில் அப்பா போய்ச் சேர்ந்தார். மாயவரத்து வீட்டைப் பூட்டிவிட்டு அக்டோபரில் அம்மாவை இங்கே கூட்டி வந்தேன். வந்த புதுசுல மேப்பிள் மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமா எரிஞ்சுகிட்டு இருந்தது. "கண்ணாலம் கட்டின மாதிரி நிக்குதுடா" என்று ரசித்தார். சரி, தேறிடுவார்னு நினைச்சேன்.

நவம்பர் 6 ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளினார்கள். முந்தின நாள் ஆறு மணிக்கு மறைந்த சூரியன் அன்னைக்கு அஞ்சு மணிக்கே காலி. அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தலை வாரிக்கிறதில்லை. மெகா சீரியல்கூட வேண்டாம். (இது எவ்வளவு பெரிய அறிகுறின்னு அம்மா உள்ளவங்களுக்குத் தெரியும்!) நாலரை மணி ஆனா, "இருட்டிடுச்சேடா, என்னை ஊருக்கு அனுப்பிடு" என்பதுதான் ஒரே பேச்சு. பூட்டின வீட்டுக்குத் தனியா எப்படி அனுப்புறது? தங்கமணியும் நானும் ராத்திரி ராத்திரி கிசுகிசுப்பாப் பேசுவோம், விடியும், மறுபடி அதே ஜன்னல்.

டாக்டர் பொறுமையாக் கேட்டார். துக்கம் பாதி, வெளிச்சம் இல்லாதது பாதி என்றார். குளிர்கால மனச்சோர்வுக்கு 1984-லேயே நார்மன் ரோசந்தால் என்கிற மருத்துவரும் அவர் குழுவும் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கு ஒன்றை வாங்கி, தினம் காலையில் அரை மணி நேரம் அதன் எதிரே உட்காரச் சொன்னார். வாங்கினேன். அம்மா அதுக்கு "டாக்டர் விளக்கு"ன்னு பேர் வச்சு, அது முன்னாடி உட்கார்ந்து காப்பி குடிப்பார். உதவிச்சுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆளைத் திருப்பிக் கொண்டு வந்தது இன்னொரு விளக்கு.

அம்மாவுக்கு சாயங்காலம் விளக்கேத்தணும். ஊரில் ஆறு மணி வாக்கில் ஏற்றுவது. இங்கே எப்போ ஏத்துறதுன்னு குழப்பம். என் பையன் பாட்டி போனில் வானிலைப் பக்கத்தைத் திறந்து, சூரியன் மறையும் நேரம் எங்கே இருக்கும்னு காட்டிக் கொடுத்தான். அன்னையிலேர்ந்து அந்த நிமிஷத்துக்கு விளக்கு. மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் தாளில் அந்த நேரத்தையும் பென்சிலால் குறித்து வைப்பார். அப்பா பால் கணக்கு எழுதுற மாதிரியே. 4:46, 4:44, 4:42... ஒவ்வொரு நாளும் ஒரு நிமிஷம் களவு போறதை எழுதி வைக்கிறதைப் பார்க்க எனக்கு வயித்தைப் பிசையும். பையனைத் திட்டக்கூட திட்டினேன்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து வந்து ஷூ கழட்டுறேன், "டேய், திரும்பிடுச்சுடா!" என்று அம்மா குரல். ரெண்டு மாசத்துல அந்தக் குரலை நான் கேட்கலை. காலண்டரைக் கையில் கொடுத்தார். 4:40, 4:40, 4:40, 4:41.

நான் வழக்கம்போல மேதாவித்தனமா, "அது எப்படிம்மா, 21-ஆம் தேதிதானே வருஷத்துலயே குட்டிப் பகல்? அதுவரைக்கும் குறையத்தான் செய்யும்"னேன். அம்மா ஒரு பார்வை பார்த்தார். "நம்மூர்ல கார்த்திகை பொறந்தாலே சாயங்காலம் நீள ஆரம்பிச்சுடும். காலையிலதான் தை வரைக்கும் இருட்டு. இதுகூடத் தெரியாம என்னத்தடா படிச்சே?"

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அம்மா சொன்னது அப்படியே சரி. டிசம்பரில் சூரியனின் ஒரு நாள், அதாவது ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை, இருபத்துநாலு மணி நேரத்தை விட கிட்டத்தட்ட அரை நிமிஷம் அதிகம். பூமி சாய்ந்திருப்பதும், அப்போது சூரியனுக்குப் பக்கத்தில் வேகமாக ஓடுவதும் காரணம். அதனால் நடு உச்சி தினமும் அரை நிமிஷம் தள்ளிப் போகிறது. உதயமும் அஸ்தமனமும் அதோடு சேர்ந்து தள்ளிப் போகின்றன. டொராண்டோவில் அஸ்தமனம் டிசம்பர் 10-ஐ ஒட்டியே அடிமட்டத்தைத் தொட்டுவிடும். உதயம்தான் ஜனவரி முதல் வாரம் வரை பின்தங்கிக்கொண்டே போகும். மாயவரத்தில் இது இன்னும் அகலம்: சாயங்காலம் நவம்பர் 20 வாக்கிலேயே திரும்பிவிடும், காலையோ ஜனவரி கடைசி வரை இழுக்கும். மார்கழி முழுக்க இருட்டுல கோலம் போட்டவங்களுக்கு இதைச் சொல்லித்தர இணையம் வேண்டாம்.

இன்னொண்ணும் அப்போதான் மண்டையில் உறைச்சது. ஜனவரி ஆரம்பத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. நான் பல்லைக் கடிச்சுகிட்டுப் பனி தள்ளுறப்போ சூரியன் ஐம்பது லட்சம் கிலோமீட்டர் கிட்ட வந்து நிக்கிறார். (வந்தவர் கொஞ்சம் நேராப் பார்த்திருக்கலாம், அது வேற விஷயம் :-))

அதுக்கப்புறம் அம்மா ஒவ்வொண்ணா கண்டுபிடிக்க ஆரம்பிச்சார். அப்பாவுக்காக தினமும் காக்காவுக்கு சாதம் வைப்பது வழக்கம். இங்கே பின்கட்டுல நின்னு "கா கா"ன்னு எவ்வளவு கூப்பிட்டாலும் வருவது கறுப்பு அணில்தான். அதைப் பார்த்து முதல் மாசமெல்லாம் கண்ணைத் துடைச்சுகிட்டே உள்ளே வருவார். சாதத்தோட ஒரு கை வேர்க்கடலையும் வச்ச நாள், நீலக் கொண்டையோட ஒரு பறவை வந்து உட்கார்ந்து கத்தியது. புளூ ஜே. அதுவும் காக்கைக் குடும்பம்தாம்மான்னு சொன்னேன். "சொந்தக்காரன் வந்தா போதும்டா, உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று சிரித்தார். சிரிச்சார்ங்க! தங்கமணி சமையல்கட்டுலேர்ந்து கரண்டியோட எட்டிப் பார்த்தாள்.

தயிர் உறையலைன்னு ஒரு சோகம் இருந்தது. அவனுக்குள்ள லைட்டை மட்டும் போட்டு வைம்மா, காலையில கெட்டித் தயிர் ரெடின்னு தங்கமணி காட்டிக் கொடுத்தாள். "எவனுக்குள்ள?" என்று அம்மா கேட்டதை இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

2023 ஜனவரியில் சூரியன் முகத்தையே காட்டலை, அப்படி ஒரு மூடாக்கு. ஆனா பொங்கலன்னைக்கு விளக்கு நேரம் அஞ்சைத் தாண்டியிருந்தது. பிப்ரவரி ஆரம்பத்தில் ரெண்டு நாள் எலும்பை உறைய வைக்கும் குளிர், கூடவே கண்ணைக் கூசும் வெயில். கடுங்குளிர் வந்தாத்தான் இங்கே வானம் தெளியும் என்பதை நான் பதினாலு வருஷமாப் பார்த்தும் கவனிச்சதில்லை. அந்த வெயிலில் ஜன்னலடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து அம்மா கூழ் வடாம் பிழிந்தார். குளிர்காத்துல ஈரம் ஏது, அதைச் சூடு பண்ணி வீட்டுக்குள்ள விட்டா இன்னும் வறட்சி. நமக்கு உதடு வெடிக்கும், வடாத்துக்குக் கொண்டாட்டம். ரெண்டே நாளில் சலசலன்னு காஞ்சுடுச்சு. மாயவரத்து மொட்டை மாடியில் காக்காவை விரட்டிகிட்டே காய வச்சவர், இங்கே காக்கா வராதான்னு பார்த்துகிட்டே காய வச்சார்.

அழுகை நின்னுடுச்சுன்னு நினைக்காதீங்க. அப்பாவோட பழைய மஃப்ளரை மாட்டிகிட்டு வெளியே போகும்போதெல்லாம் கண் கலங்கும். ஆனா ஜன்னலோரம் வெறிச்சுப் பார்க்கிறது போச்சு. திங்கட்கிழமை விளக்கு நேரத்தை வெள்ளிக்கிழமையோட ஒப்பிட்டு, "நாலு நாள்ல அஞ்சு நிமிஷம் சம்பாதிச்சிருக்கோம்" என்பார். சம்பாதிச்சிருக்கோமாம்!

ஜூலையில் அப்பா வருஷாப்தீகத்துக்கு ஊருக்குப் போனவர், "வீட்டைத் திறந்து வச்சுகிட்டு நானே இருக்கேன்டா" என்று அங்கேயே தங்கிவிட்டார். சித்தி பக்கத்துத் தெருவில் இருப்பதால் நானும் மல்லுக்கட்டலை. போகும்போது அந்தக் காலண்டர் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு என் மேஜையில் வச்சுட்டுப் போனார்.

இப்பவும் டிசம்பர் வந்தா ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வரும். அவருக்கு அங்கே விடிஞ்சு, வாசல்ல கோலம் முடிஞ்சிருக்கும். சாப்டியாங்கிறதுக்கு முன்னாடியே, "இன்னிக்கு எத்தனை மணிக்குடா ஏத்தினே?" என்று கேட்பார். நான் காலண்டரைப் பார்த்துச் சொல்லுவேன்.

"இன்னும் 4:40தாம்மா."

"பரவாயில்ல, ரெண்டு நாள் பொறு."