வெறும் குழாயையும் எண்ண வேண்டும்

ஆழ்கடல் வண்டலில் உயிரைத் தேடும் வேலையில் கை தேர்வது என்பது, கண்ணில் பட்டதை உடனே நம்பாமல் இருக்கப் பழகுவதுதான். கடலின் மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். தென் பசிபிக் சுழலின் அடியிலுள்ள மிகப் பழைய களிமண்ணிலோ ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம். துளையிடும் குழாய்க்குள் நாம் இறைப்பதும் அதே கடல்நீர்தான். ஒரு சொட்டு உள்ளே கசிந்தாலும் மாதிரியின் சொந்த உயிர்கள் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அதனால் கசிவைக் காட்டிக்கொடுக்க, இறைக்கும் நீரில் பெர்ஃபுளோரோகார்பன் என்ற ரசாயனத்தைக் கலக்கிறோம். பாக்டீரியா அளவுள்ள, பச்சையாக ஒளிரும் நுண்மணிகளையும் மாதிரிக் குழாயின் முனையில் வைக்கிறோம். மேலே வந்த மண் உருளையில் குழாய்ச் சுவரை உரசிய ஓரம் குழம்பியிருக்கும்; அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, நுனி வெட்டிய, கிருமி நீக்கிய சிரிஞ்சை நடுவில் செருகி எடுக்கிறோம். மண்ணே போடாத ஒரு குழாயும் அதே ரசாயனங்களோடு எல்லாப் படிகளையும் கடந்து நுண்ணோக்கிக்கு வர வேண்டும். அதில் தெரியும் புள்ளிகளைவிடத் தெளிவாக அதிகம் இருந்தால் மட்டுமே மாதிரியின் எண்ணிக்கைக்கு மதிப்பு.

2010-இல் அந்தச் சுழலில் எடுத்த 10.15 கோடி ஆண்டுப் பழமையான களிமண்ணைப் பற்றி நுண்ணுயிரியலாளர் யூகி மொரோனோவின் குழுவினர் 2020-இல் வெளியிட்ட முடிவை நான் ஏற்பது இந்தக் கண்டிப்புக்காகத்தான். கனமான கார்பனும் நைட்ரஜனும் அடங்கிய உணவைக் கொடுத்து, அதிகபட்சம் 557 நாள் வைத்திருந்து, ஒவ்வொரு செல்லாக அளந்தார்கள். பெரும்பாலானவை உண்டிருந்தன. மேலிருந்து பிற்காலத்தில் இறங்கியவையாக இருக்கலாமே என்று கேட்பார்கள். அந்தக் களிமண்ணின் துளைகள் செல்லின் பருமனைவிடப் பல மடங்கு சிறியவை, நகர இடமில்லை. இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு: ஆய்வகத்து விருந்தை வைத்து அடிக்கடலின் பட்டினியைப் பற்றி என்ன சொல்ல முடியும்? நியாயமான கேள்வி. விருந்து காட்டுவது உண்ணும் திறனை மட்டுமே. அங்கே அவை எப்படிக் காலம் தள்ளின என்பதை அல்ல. ஆனால் அந்த வண்டலில் ஆக்ஸிஜன் அடிப்பாறை வரை எட்டுகிறது என்பது தனியாக அளந்து தெரிந்த செய்தி. மெல்ல மூச்சுவிட வழி இருந்திருக்கிறது.

இவ்வளவு சந்தேகப்பட்டால் உண்மையான உயிரையும் சேர்த்துக் கழித்துவிடுவோம் என்ற கவலையும் பொய்யல்ல. 1955-இல் நுண்ணுயிரியலாளர்கள் ஸோபெல்லும் மொரிட்டாவும் பசிபிக் செங்களிமண்ணில் 7.47 மீட்டருக்குக் கீழே எதையும் வளர்க்க முடியாமல், அதையே உயிரின் எல்லையாகக் கருதினார்கள். தட்டில் வளராதது மண்ணிலும் இல்லை என்ற அனுமானம் அவர்களை ஏமாற்றியது. ஆக, பூஜ்யத்தையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். ஆனால் கண்டிப்பாகக் கழித்தாலும் உண்மையான உயிர் மிஞ்ச முடியும். 2012-இல் ஜப்பானின் ஷிமோகிதா தீபகற்பத்துக்கு அப்பால் சிக்யூ என்ற துளையிடும் கப்பல் கடல் தரைக்குக் கீழே 2,466 மீட்டர் வரை துளையிட்டது. துளையில் சுழன்ற சேற்றின் மரபணுக்களையும் தனியே படித்து, அதில் இருந்த இனங்களை எல்லாம் பட்டியலிலிருந்து அடித்த பிறகும் நிலக்கரிப் படுகைகளில் சில மிஞ்சின. அவை கடல் வண்டலில் வழக்கமாகக் காணும் கூட்டத்தைவிடக் காட்டு மண்ணின் கூட்டத்தையே ஒத்திருந்தன. அந்த நிலக்கரி, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கரையோரத்தில் செடிகொடிகள் மக்கிக் கிடந்த நிலம்.