நட்டம் மட்டும் எழுதும் கணக்கு



பாலைவெளியிலிருந்து மதீனாவுக்கு வந்து பொருள் விற்பவர் ஸாஹிர் (ரலி). தோற்றத்தில் அழகில்லாதவர் என்றே அறிவிப்பு அவரைக் குறிப்பிடுகிறது. ஒரு நாள் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் பின்புறமாக வந்து அவரை அணைத்துக்கொண்டு, இந்த அடிமையை வாங்குபவர் யார் என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். அணைத்தவர் யார் என்பதை அறிந்துகொண்ட ஸாஹிர், அப்படியானால் நான் விலை போகாத சரக்காகவே இருப்பேன் என்றார். ஆனால் அல்லாஹ்விடத்தில் அவர் மதிப்பு மிக்கவர் என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்னத் அஹ்மதிலும் திர்மிதீயின் ஷமாயிலிலும் இடம்பெற்றுள்ளது.

நபியவர்களின் நகைச்சுவைக்குச் சான்றாகவே இச்செய்தியை நாம் பெரும்பாலும் சொல்கிறோம். என் மனத்தில் நிற்பதோ, ஸாஹிர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட விலை. அதே விலையை மண்டகப்பட்டில் மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளும் தங்களுக்கு இட்டுக்கொள்கிறார்கள். "நமக்கெல்லாம் அது வராது ஹஜ்ரத்" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம்.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை. துணைத்தேர்வு எழுதப்போவதில்லை, பெங்களூருவில் உறவினர் கடையில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்றான். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க ஹஜ்ரத்" என்று அவன் தாயார் வந்து நின்றார். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவன் நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு இழுத்தேன். இஷாவுக்குப் பின், அன்று தவறியவற்றை இடப்பக்கமும் நன்றாகச் செய்தவற்றை வலப்பக்கமும் எழுதி வரச் சொன்னேன்.

மறுநாள் இடப்பக்கம் நிரம்பியிருந்தது. வலப்பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

"ஃபஜ்ர் நேரத்தில் உன் பாட்டிக்கு உளூச் செய்யத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது யார்?" என்று கேட்டேன்.

"நான்தான் ஹஜ்ரத். அதையெல்லாமா எழுதணும்?"

நம்மில் பலருடைய நிலை இதுதான். செய்வதை உணர்ந்து செய்வதில்லை. உணராமல் செய்தது நினைவில் தங்குவதில்லை. பிறர் குத்திக்காட்டிய தவறுகள் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. அவற்றைக் கூட்டிப் பார்த்து, நம் மதிப்பு இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மார்க்கம் நமக்குக் கற்றுத்தரும் முஹாஸபா, அதாவது சுயகணக்கு, இத்தகையதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா'வில் இதனை வணிகரின் கணக்கோடு ஒப்பிடுகிறார். கடமையான அமல்கள் முதல், உபரியானவை இலாபம், பாவங்கள் நட்டம் என்று அவர் பிரிக்கிறார். நட்டத்தை மட்டும் எழுதி, முதலையும் இலாபத்தையும் எழுதாத வணிகரின் ஏடு பொய்க்கணக்கே. தன்னைத் தானே திட்டிக்கொண்டிருப்பதை அடக்கம் என்று எண்ணுவதும் அத்தகைய பொய்க்கணக்குதான்.

நன்மையை எழுதினால் பெருமை வந்துவிடாதா என்று சிலர் அஞ்சலாம். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த விளக்கம். இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. செய்த நன்மையை அல்லாஹ்வின் உதவி என்று அறிந்து, வலப்பக்கத்தின் கீழே 'அல்ஹம்துலில்லாஹ்' என்று எழுதுவது பெருமையாகாது, அது நன்றி. ஆதமின் மக்களைக் கண்ணியப்படுத்தியதாக அல்லாஹ் திருமறையில் (17:70) அறிவிக்கிறான். அந்தக் கண்ணியத்துக்கு மதிப்பெண் பட்டியல் நிபந்தனையாக வைக்கப்படவில்லை.

எங்கள் ஊர்ப் பாறையைப் பார்க்க வெளியூரிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே ஒரு குடைவரைக் கோயிலை அமைத்தார். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி இது ஆக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. நம் வணக்கமுறை வேறு. எனினும் இந்த ஊர் வரலாற்றில் நம் பிள்ளைகளுக்கும் படிப்பினை உண்டு. இல்லாதவை நான்கு என்று கல்வெட்டு கணக்கிடுகிறது. ஆனால் வேலை நடந்தது ஏற்கெனவே இருந்த பாறையில். அந்த மாணவனைப் பாறையருகே அழைத்துச் சென்று இதைச் சொன்னேன். அன்றிரவு வலப்பக்கத்தில் மூன்று வரிகள் எழுதியிருந்தான். அவற்றுள் ஒன்று, ஒரு கணக்கை இரண்டாம் முறை போட்டுப் பார்த்தது.

அவன் துணைத்தேர்வு எழுதினான், தேர்ச்சியும் பெற்றான். தேர்வு முடிவு வேறுவிதமாக அமைந்திருந்தாலும், பாட்டிக்கு அவன் எடுத்துக் கொடுத்த தண்ணீரின் மதிப்பு குறைந்திருக்காது. இதையே அவன் தாயாரிடமும் சொன்னேன்.

பெற்றோர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் அவனுடைய இடப்பக்கத்தில் நாமே ஒரு வரி எழுதுகிறோம். இன்றிரவு உறங்குமுன், அவன் இன்று செய்த ஒரு நற்செயலை அவனிடம் பெயர் சொல்லிக் கூறுங்கள். அதற்கு முதலில் நாம் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கவனித்திருக்க வேண்டும். விழிப்போடு வாழ்வது என்பது நம் வீட்டில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நம்மையும் நம் பிள்ளைகளையும் நேர்மையாகக் கணக்குப் பார்ப்பவர்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.