சேதி வயர்

ராஜகுளத்தில் என் மாமா சிறியதொரு கல்யாண மண்டபம் நடத்துகிறார். மொட்டை மாடியில் ஒரே ஓர் அவுட்டோர் யூனிட். கீழே முகூர்த்த மேடை, பந்திக்கூடம், மணமகள் அறை என ஆறு இண்டோர் யூனிட்கள். சென்ற வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் அவற்றுள் மூன்று நின்றுவிட்டன. முதலில் வந்து பார்த்தவர் போர்டு போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, பெருந்தொகை ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்துப் போனார்.

அடுத்து வந்தவர் உத்திரமேரூர்ப் பக்கத்து இளைஞர். ஐ.டி.ஐ. படித்தவர். போர்டை அவர் தொடவேயில்லை. எந்த மூன்று ஓடுகின்றன என்று கேட்டார். வயர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு மண்டபத்தில் யாரிடமும் விடையில்லை.

இத்தகைய அமைப்பில் கரண்டு செல்லும் வயர் வேறு, சேதி செல்லும் வயர் வேறு. சேதி வயரில் மெல்லிய இரண்டு இழைகள்தாம். அவுட்டோரிலிருந்து முதல் யூனிட்டுக்கும் அதிலிருந்து அடுத்ததற்குமாகச் சரம் போலச் செல்லும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி எண் உண்டு. இரண்டுக்கு ஒரே எண் அமைந்தால் பேசுவது யாரென்று அவுட்டோருக்கு விளங்காது. (முப்பது குடும்புகளின் ஓலைகளையும் தனித்தனிக் கட்டாகக் கட்டச் சொன்ன உத்திரமேரூர்ச் சபையாருக்கு இதை விளக்க வேண்டியிருந்திராது.) இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் ஆறும் நிற்கும், நடுவில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ளவை மட்டும் நிற்கும்.

சுவடிப் பதிப்பு படித்தவர்களுக்கு இது புதிதன்று. ஏட்டில் ஓர் அடி விடுபட்டால், அதைப் பார்த்து எழுதிய பிரதிகள் அனைத்திலும் விடுபடும். குறை கண்ணில் படும் ஏடு ஒன்று, குறை பிறந்த ஏடு வேறு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்காக உ.வே.சா. சுவடிகளை ஒப்பிட்டுத் தேடிய தேடலின் சிறு சாயலை நான் அந்த ஏணிமேல் கண்டேன்.

மெயினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருந்தார். கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்குமாம். பிறகு மூன்றாவது, நான்காவது யூனிட்களுக்கு இடைப்பட்ட வயரை இருபுறமும் கழற்றினார். ஒரு முனையில் இழைகளை முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்தபோது கிடைத்தது: யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு. கசிந்த மழைநீரில் செம்பு பச்சை பூத்து இற்றிருந்தது. அதோடு சேர்த்துக் கட்டியிருந்த சீரியல் பல்பின் கரண்டு வயரையும் விலக்கினார்; அதன் இரைச்சல் சேதியைக் குலைக்குமாம். ஒட்டில்லாத புது வயர் போட்டதும் ஆறும் ஓடின.

“ஒரு சாண் ஒட்டுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு கூலி?” என்றார் மாமா.

“கொடுக்கிறதைக் கொடுங்க ஐயா.”

போர்டுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் மாமாவின் மேசை அறையில் அப்படியே இருந்தது. நான் குறுக்கிட்ட பிறகே கேட்ட கூலி கைமாறியது. அந்த இளைஞர் அதற்குள், வயர் செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து, ஆறு எண்களையும் குறித்து, மெயின் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.