சுத்தியல் இல்லாத அடி

டிரில் பிட்டின் நுனி பார்வைக்குக் கூராகத் தெரிந்தாலும் அதன் நட்டநடுவில் வெட்டும் முனை கிடையாது. இரு பக்க வெட்டு விளிம்புகளையும் இணைக்கும் சிறு குறுக்கு விளிம்புதான் உலோகத்தை முதலில் தொடுகிறது. அது வெட்டாது, தேய்த்து ஒதுக்கும். வழவழப்பான இரும்பில் அப்படியே வைத்து ஓட்டினால் பிட் வழுக்கிக்கொண்டு இடம் மாறிவிடும். 10 மி.மீ. போல்ட்டுக்கு 11 மி.மீ. துளை போடுவது பட்டறை வழக்கம். இடைவெளி அந்த ஒரு மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் துளை விலகினால் போல்ட் இறங்காது. பிட் உட்கார ஒரு குழி வேண்டும். அந்தக் குழியைப் போடும் கருவி சென்டர் பஞ்ச்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பிரிவு மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் இது. கோடுகள் வெட்டும் இடத்தைக் குறிக்கக் கூர்மையான டாட் பஞ்ச். அதன் முனைக்கோணம் 60 பாகை. அந்தப் புள்ளியை அகலப்படுத்தி பிட்டுக்கு இடம் செய்ய 90 பாகை சென்டர் பஞ்ச். இரண்டையும் சுத்தியலால்தான் அடிக்க வேண்டும். ஒரு கை பஞ்சைப் பிடிக்க, மறு கை சுத்தியலை ஓங்க, பொருளைப் பிடிக்க மூன்றாவது கை தேடும் நிலை வரும். ஸ்பிரிங் பஞ்ச் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பேனாவைவிடச் சற்றுத் தடித்த இந்தக் கருவியின் முனையை இடத்தில் வைத்து அழுத்தினால் போதும். அடி உள்ளிருந்தே விழும்.

உள்ளமைப்பு எளிது. குழாய்க்குள் மேல்பக்கம் வலுவான ஸ்பிரிங், அதன் கீழே அடிக்கும் கட்டை. கட்டையின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. முனையோடு சேர்ந்த தண்டு அந்தத் துளைக்கு நேராக நிற்காமல், சிறு ஸ்பிரிங் ஒன்றின் தள்ளலால் சற்றே சாய்ந்து நிற்கும். கை அழுத்தும்போது தண்டு துளைக்குள் நுழைய முடியாமல் கட்டையை மேலே தள்ளுகிறது. பெரிய ஸ்பிரிங் இறுகிக்கொண்டே போகிறது. குழாயின் உட்சுவர் ஓரிடத்தில் குறுகுகிறது. அங்கே வந்ததும் தண்டு நிமிர்ந்து துளைக்கு நேராகிறது. பிடிப்பு விட்டுப்போக, கட்டை பாய்ந்து வந்து தண்டின் தலையில் மோதுகிறது. ‘டக்’கென்ற ஒரு சத்தத்தோடு குழி விழுந்துவிடும். தலைமூடியைத் திருகி ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அலுமினியத்துக்குத் தளர்த்த வேண்டும், எஃகுக்கு இறுக்க வேண்டும்.

பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன கோவையின் சிறு பட்டறைகளில் இதன் பயனை நேரில் பார்க்கலாம். ஆறு துளை வார்ப்பு ஃப்ளாஞ்ச் ஒன்றுக்கு மார்க்கிங் செய்வதை எடுத்துக்கொள்வோம். நடுவில் பெரிய ஓட்டை இருப்பதால் டிவைடரின் காலை ஊன்ற இடமில்லை. ஓட்டைக்குள் ஒரு மரக்கட்டையை இறுக்கி அடைத்து, அதில் மையம் கண்டுபிடிப்பார்கள். வார்ப்பின் முகத்தில் சாக்பீஸைத் தேய்த்து, அதன்மேல் வட்டத்தைக் கீறுவார்கள். வட்டம் கீறிய டிவைடரை விரித்த அளவிலேயே வைத்துக்கொண்டு வட்டத்தின் மேல் நடத்தினால் சரியாக ஆறு காலடியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். தனியாக அளக்க வேண்டியதில்லை. கோடுகள் வெட்டும் பள்ளத்தில் பஞ்சின் முனையை இழுத்து விட்டால் அது தானே விழுந்து நிற்கும். அந்த நிற்றலைக் கை உணர்ந்த பிறகே அழுத்துவார்கள். ஆறு அழுத்தல், ஒரே ஆழத்தில் ஆறு குழி. புள்ளி மயிரிழை விலகியிருந்தால் பஞ்சைச் சாய்த்து சரியான பக்கம் தள்ளி அழுத்தி, பிறகு நிமிர்த்தி மறுபடி ஒன்று.

இதற்கும் எல்லை உண்டு. பெரிய பிட்டின் குறுக்கு விளிம்பு இந்தக் குழியைவிட அகலமானது. அதற்கு முன்னால் சிறிய பிட்டால் வழித்துளை போட்டாக வேண்டும். மெல்லிய தகட்டின் அடியில் கட்டை வைக்காமல் அழுத்தினால் தகடே நெளியும். கடினப்படுத்திய எஃகில் குத்தினால் பஞ்சின் முனைதான் மழுங்கும்.

இதே அடி காரின் கதவுக் கண்ணாடியில் விழுந்தால் கதை வேறு. டெம்பர்டு எனப்படும் அந்தக் கண்ணாடி 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கப்பட்டு, காற்றால் சட்டென்று குளிர்விக்கப்பட்டது. மேற்பரப்பு முதலில் இறுக, உட்பகுதி பிறகு சுருங்க, வெளியே அழுத்தமும் உள்ளே இழுவிசையும் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. அழுத்தத்தில் இருக்கும் அடுக்கு ஒவ்வொரு பக்கமும் கனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, 4 மி.மீ. கண்ணாடியில் 0.8 மி.மீ. முஷ்டியும் முழங்கையும் விசையைப் பரப்பிவிடுவதால் அந்த அடுக்கைத் தாண்டுவதில்லை. பஞ்ச் முழு விசையையும் ஒரு புள்ளியில் இறக்குகிறது. விரிசல் உள்ளடுக்கைத் தொட்டதும், அங்கே அடைபட்டிருந்த இழுவிசையே கண்ணாடி முழுவதையும் சிறு துண்டுகளாக உடைத்துவிடும். இதற்கென்றே செய்யப்படும் கருவிகளில் முனை பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு.

முன்கண்ணாடியில் இது பலிக்காது. அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகை, உடைந்தாலும் வழிவிடாது. இப்போது சில கார்களின் பக்கக் கண்ணாடிகளும் இந்த வகையே. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. வாகனச் சங்கம் 2019இல் கண்ணாடி உடைக்கும் ஆறு கருவிகளைச் சோதித்தபோது டெம்பர்டு கண்ணாடியை நான்கு உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. கண்ணாடியின் மூலையில் அச்சிட்ட குறியில் வகை பெரும்பாலும் எழுதியிருக்கும். அதை முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

தண்ணீரில் விழுந்த கார் மூழ்குமுன் சிறிது நேரம் மிதக்கும். அதற்குள் சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கப் பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் பஞ்ச். கண்ணாடியின் நடுப்பகுதி விசையை வாங்கி நெளியும். எனவே சட்டத்தை ஒட்டிய மூலையில் முனையை வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்த வேண்டும். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி நொறுங்கியும் உதிராமல் நிற்கும்; அதை வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். சுத்தியலை ஓங்கும் கையைத் தண்ணீர் தடுக்கும். அடியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஸ்பிரிங் பஞ்சுக்கு அந்தத் தடை இல்லை.

பட்டறையில் மழுங்கிய முனையைத் தீட்டி, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் கருவி பல ஆண்டு உழைக்கும். காரில் அதை டிக்கியில் போட்டு வைத்துப் பயனில்லை. பெல்ட் கட்டிய நிலையிலேயே கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும்.