வயிற்றுவலிக்குள் ஓர் அச்சம்

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் எங்கள் இல்லத்துக் காலைப்பொழுது சில மாதங்களுக்கு முன் அழுகையோடுதான் விடிந்தது. ஆறு வயதுப் பேரனுக்குப் பள்ளி நாள்தோறும் வயிற்றுவலி. விடுமுறையன்று அவ்வலி இராது. பொய்யென்றெண்ணி அதட்டினோம், ஒருநாள் கைநீட்டவும் செய்தோம். வலி வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

ஓரிரவு அருகில் படுக்கவைத்து மெல்ல வினவினோம். வாசிக்கையில் சொல் தடுமாறியதற்கு வகுப்பே நகைத்ததாம். மறுநாள் முதல் எழுந்து நிற்கவே அஞ்சினானாம். அவ்வச்சமே வலியாய் உருக்கொண்டிருந்தது.

ஆசிரியையிடம் தனியே உரைத்தோம். அவர் அவனை முன்வரிசையில் அமர்த்தி, ஏடுகளைப் பகிர்ந்தளிக்கும் சிறு பொறுப்பையும் தந்தார். நாங்களோ, பாடத்தை முன்னிரவே வாசிக்கச் செய்து, காலையில் வாயில்வரை உடன்சென்றோம். அழைக்க வருவதாகச் சொன்ன நேரத்தில் தவறாது நின்றோம். மூன்று வாரங்களில் எங்கள் கையை விடுத்து அவனே உள்ளே ஓடினான்.

பசித்த பிள்ளைகளுக்கென 1982இல் சத்துணவும், 2022இல் காலை உணவும் தமிழகப் பள்ளிகளுக்கு வந்தன. அடிப்பதையும் மனத்தை வருத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பள்ளிகளில் தடை செய்தது. எனினும், பெற்றோரே, குழந்தை சொல்லத் தெரியாது அழுவதைக் கேட்டறிய வீட்டாரின் செவியன்றோ வேண்டும்? அன்று நீட்டிய கையை நினைந்து இன்றும் நாணுகிறோம்.