முடித்துவைக்கும் உரிமை

தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை. வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வகத்தில் நான் மட்டும் இருந்தேன். மழையளவுத் தரவுகளைக் கொண்ட பொது அட்டவணை ஒன்றில் புதிதாக ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டும். சில நொடிகளில் முடியும் வேலை. கட்டளையை இட்டேன், அரைமணி நேரமாகியும் அது நகரவில்லை.

காரணத்தைத் தேடியபோது, ஊருக்குப் புறப்பட்டுவிட்ட சக ஆய்வாளர் ஒருவரின் அமர்வு அவ்வட்டவணையைப் பிடித்துவைத்திருப்பது தெரிந்தது. அவருடைய கணினி பூட்டிய அறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவரோ ரயிலில் இருந்தார், கைபேசி கிடைக்கவில்லை. அந்த அமர்வை முடித்துவிட முயன்றேன். அதற்கு எனக்கு அனுமதி இல்லை என்று சர்வர் மறுத்தது. மறுவாரம் நெறியாளரிடம் அத்தியாயத்தை ஒப்படைக்க வேண்டியவள் நான். அன்று எனக்கு வந்த கோபம் சிறிதன்று.

எங்கள் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். தம் பெயரில் திறந்த அமர்வுகளை எந்தப் பயனரும் தாமே முடித்துக்கொள்ள அது இடமளிக்கிறது. இந்தச் சலுகையே 2012இல் வெளிவந்த 9.2ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முன் தலைமைப் பயனருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிறருடைய அமர்வை முடிப்பதற்கென 2016இல், 9.6ஆம் பதிப்பில், 'பிஜி சிக்னல் பேக்கெண்ட்' என்ற தனிப் பொறுப்பு உருவானது. அதைப் பெற்றவரும் தலைமைப் பயனரின் அமர்வைத் தொட முடியாது. மைஎஸ்கியூஎல்லிலும் இத்தகைய பாகுபாடு உண்டு: தன் இணைப்பைத் தானே துண்டிக்கலாம், பிறருடையதைத் துண்டிக்கத் தனி உரிமை வேண்டும்.

விடுமுறை முடிந்ததும் நிர்வாகியிடம் முறையிட்டேன். அவர் அந்தப் பொறுப்பை எனக்கு வழங்கினார். நியாயம் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

பிப்ரவரியில் மீண்டும் அதே நிலை. இம்முறை என் கட்டளையைத் தடுத்து நின்றது இளைய ஆய்வாளர் ஒருவரின் அமர்வு. திரையில் ஓர் எண்ணும் அவருடைய பயனர்பெயரும் மட்டுமே தெரிந்தன; வினவல் இருக்க வேண்டிய இடத்தில் 'போதிய உரிமை இல்லை' என்ற குறிப்பு இருந்தது. நான் தயங்கவில்லை. முடித்தேன்.

இரண்டு நாட்களாகத் தூய்மைப்படுத்திய தரவுகளை அவர் தற்காலிக அட்டவணைகளில் வைத்திருந்தார். அமர்வு முடிந்தால் அவையும் மறைந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த வினவலை மட்டும் நான் நிறுத்தியிருந்தால் போதும். என் வழி திறந்திருக்கும், அவருடைய அட்டவணைகளும் பிழைத்திருக்கும். அதற்கென வேறொரு கட்டளை உண்டு. நான் பெற்ற பொறுப்பே அதற்கும் செல்லும். "பரவாயில்லை, தீதி" என்று சொல்லிவிட்டு அவர் முதலிலிருந்து தொடங்கினார். அந்தச் சொல்லை இன்றும் என்னால் எளிதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிறர் வேலையை முடிக்கும் உரிமையும் அவ்வேலை என்னவென்று காணும் உரிமையும் போஸ்ட்கிரெஸில் வெவ்வேறானவை என்பதை அதன் பிறகே அறிந்தேன். காண்பதற்கு 'பிஜி ரீட் ஆல் ஸ்டாட்ஸ்' என்ற மற்றொரு பொறுப்பு வேண்டும். எனக்குக் கையைக் கொடுத்திருந்தார்கள்; கண்ணைக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதே உண்மை.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் இவ்விரு பொறுப்புகளையும் சேர்த்தே வழங்குகிறோம். முதலில் உரியவரைக் கேட்பது, பின் வினவலை நிறுத்துவது, வேறு வழியே இல்லையெனில் அமர்வை முடிப்பது என்று வரிசை வகுத்துக்கொண்டோம். பாதியில் விடப்பட்டுச் சும்மா கிடக்கும் அமர்வுகள் குறித்த நேரத்துக்குப் பின் தாமே முடியுமாறு சர்வரிலும் அமைத்துவிட்டோம். ஒருவரின் மறதியைத் தீர்க்க இன்னொருவர் கை வைக்க வேண்டியதில்லை.

தீபாவளி மாலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைக்கு முழுப்பூட்டு தேவை. அது கிடைக்காமல் காத்திருக்கும் வேளையில், அதன் பின் வரும் சாதாரண வாசிப்புகளும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். அன்று விடுதியிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த மூவரின் வினவல்களும் நின்றுபோயின. ஊருக்குச் சென்றவரின் அமர்வு மட்டும் இருந்தவரை அவர்கள் தடையின்றிப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை நிறுத்தியது என் கட்டளை. நான் அதைத் திரும்பப் பெற்றிருந்தால் மூவரும் அக்கணமே விடுபட்டிருப்பார்கள்.

அதற்கு யாருடைய அனுமதியும் எனக்குத் தேவைப்பட்டிருக்காது.