வருசத்தின்ர நீண்ட இரவு

இண்டைக்கு டிசம்பர் 21. லண்டன் மச்சாள் தன்னைச் 'சூனியக்காரி' எண்டுதான் சொல்லுவாள். தனிய மெழுகுதிரி கொளுத்தி 'யூல்' எண்ட இந்த நீண்ட இரவுத் திருநாளைக் கொண்டாடுறாளாம். சூனியம் தெரியுமெண்டு சொன்னாலே மறியல் எண்ட சட்டம் அங்க 1951 வரைக்கும் இருந்தது! அவளுக்கு 16 மணித்தியால இரவு. இங்க எங்கட ஊர் நாரந்தனையில பன்னிரண்டரைக்குக் கிட்டத்தான்.

இந்த இரவோட சூரியன் வடக்க திரும்புற உத்தராயணத்தை எங்கட ஆக்கள் தைப்பொங்கலோட சேர்த்தவை. பூமியின்ர அச்சு 72 வருசத்துக்கு ஒரு பாகை திரும்புறதால, இப்ப இரண்டுக்கும் இடையில 24 நாள். பஞ்சாங்கம் அசையேல்லை.

நானும் முத்தத்தில சிட்டி விளக்கு ஏத்தினன். வாடைக்காத்து நூத்து நூத்து விளையாடிச்சுது. ஓலைப்பெட்டியால மறைச்சு வைச்சன். பக்கத்து வீட்டு மாமி வேலியால எட்டிப்பாத்து, "ஆருக்குப் பிள்ளை செய்வினை?" எண்டு கேட்டா.